சூளையில் குற்றமில்லை, மச்சான்

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, மாடிக் கொடியில் காயும் துணி, எல்லாம் சௌக்கியம். அங்கே நீங்கள், உங்கள் மகள், மருமகன், பேத்தி எல்லோரும் சௌக்கியம் என்று உங்கள் தங்கை சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில் தெரிவிக்கும் கடிதம், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடமாக ஒரே தொழிற்சாலையில் வாஷ்பேசின்களைத் தட்டிப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பவன் நான். எதையும் தட்டிப் பார்க்காமல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

முக்கியமான செய்தி முதலில். உங்கள் சூளைக்கு இன்னும் ஆள் போடவில்லை. கையில் ஃபைல் இல்லாமல் யாரும் பார்த்திராத நம் மேலாளர், முப்பதாம் தேதி வரை உங்கள் இடம் காலியாக இருக்கும் என்று என்னிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மறுநாள் புது ஆள் வருகிறார். வந்து பார்த்துவிட்டும் போனார். டை கட்டியிருந்தார். சூளைக்கு முன்னால் டை.

இனி விஷயம்.

நீங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சூளைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனீர்களே, அந்த நாளில் உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. என் பாதியை எழுதுகிறேன். வருடத் தொடக்கத்திலிருந்தே பேசின்கள் படுக்க ஆரம்பித்திருந்தன. சூளையிலிருந்து ஆறி வந்ததை மரச்சுத்தியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால், முழுசாக இருப்பது ணங்கென்று நீள வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக்கென்று படுத்துவிடும். உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை, எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் டொக். முதலில் பத்துக்கு ஒன்று, பிறகு பத்துக்கு மூன்று, பிறகு ஒரு நாள் காலையில் வரிசையாகப் பதினேழு. நான் என்ன செய்வேன், சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளினேன். ஃபைல்காரர் ஓடி வந்தார். மண் கலப்பவரைக் கேட்டார், அவர் மண் மாறவில்லை என்றார். பூச்சு அடிப்பவரைக் கேட்டார், அவர் அழுதுவிட்டார். மிச்சம் இருந்தது நீங்கள். என் சுத்தி முப்பத்திரண்டு வருடம் பொய் சொன்னதில்லை என்பதால் சூளையை மெதுவாக ஆறவிடச் சொன்னார்கள், நீங்களும் ஆறவிட்டீர்கள், அப்போதும் டொக். இன்னும் மெதுவாக. அதுவும் டொக். அன்றைக்குத்தான் நீங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள்.

"மாப்ளே, ஒருதரம் காதைக் காட்டிட்டு வாங்களேன்."

மெதுவாகத்தான் கேட்டீர்கள். ஆனால் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, என் குரல் எனக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும்.

"காதெல்லாம் சரியாத்தான் இருக்கு. வயசானது உங்க கைக்கு. சூளை வால்வைத் திருப்புறப்ப நடுங்குது."

நடுங்கவில்லை. அப்போதே தெரியும். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

நீங்கள் உங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் தங்கை தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சுவரோடு பேச ஆரம்பித்தாள். நான் தெளிவாக இருந்தேன் மச்சான். உலகத்தில்தான் கொஞ்ச காலமாகவே ஏதோ மங்கிக்கொண்டு வந்தது. ஆட்கள் வாய்க்குள்ளேயே பேசினார்கள். துணி துவைக்கும் மிஷின் வேலை முடிந்ததும் கூப்பிட வேண்டும், கூப்பிடுவதில்லை. மூன்று தடவை ரிப்பேர்காரரை வரவழைத்தேன். மூன்று தடவையும் அவர் பட்டனை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டு, என்னைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு போனார். போன வருடக் காய்ச்சலில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அது சத்தம் கொடுக்கும் என்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை வந்து பிடுங்கிப் பார்த்தாள். "இது எப்பவோ கத்திருச்சுங்க. வாயில வச்சுக்கிட்டு என்ன தியானமா?" மட்டமான தயாரிப்பு என்று முடிவு செய்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு முடிவு இருந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை உங்கள் தங்கை சுவரை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்து, தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, டெஸ்ட் எடுக்க வேண்டும், துணைக்கு வாங்க என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. இந்த வயதில் அவளுக்கு இப்படி என்று வழியெல்லாம் தைரியம் சொன்னேன். கிளினிக்கில் அவளைக் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி மாதிரி ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். வந்ததும், "வந்தது வந்துட்டோம், நீங்களும் ஒரு தடவை உட்காருங்களேன்" என்றாள். இது எங்கே தொடங்கிய திட்டம் என்று இப்போது தெரிகிறது. உங்களோடு போனில் பேசியபோதுதானே?

உட்கார்ந்தேன். வெளியே டெஸ்ட் எடுக்கும் பெண், உங்கள் மகள் வயதுதான் இருக்கும், மேஜையில் ஒரு திருகைத் திருப்பி, ஒரு விசையைத் தட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது. அவள் கை அசையும்போதெல்லாம் அழுத்தினேன். ஏமாற்று என்று சொல்ல வேண்டாம். தொழிற்சாலையில் பாதி வேலை கண்ணால்தானே நடக்கிறது. ஒன்றுவிடாமல் அழுத்தினேன். அவள் சிரித்த முகமாக உள்ளே வந்து, "ஐயா, கடைசி ஒன்பது தடவை நான் சத்தமே கொடுக்கலை. சும்மா கைய ஆட்டினேன்" என்றாள். பிறகு என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரம். பட்டன் என் கையில் சும்மா இருந்தது.

முடிவைக் காகிதத்தில் கோடாகப் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் தங்கையின் கோடு மேஜை மாதிரி மட்டமாக இருந்தது. என்னுடையது சறுக்குமரம். இடது பக்கம் உயரமாகத் தொடங்கி வலது பக்கம் கீழே போய் விழுந்தது. கனமான சத்தங்கள் எல்லாம் இருக்கின்றன, உச்சியில் இருக்கும் மெல்லிய கூர்மையான சத்தங்கள் மட்டும் வயதோடு போகத் தொடங்கியிருக்கின்றன, வழக்கமாக நடப்பதுதான் என்றாள். நான் காகிதத்தின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ணங் என்பதில் நீள்கிற பகுதி அங்கேதான் இருக்கிறது மச்சான். தட்டியதும் வருகிற அந்த 'ட' எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு வர வேண்டியதுதான் அந்த ஓரத்தில் விழுந்து கிடக்கிறது. எல்லா பேசினும் எனக்கு டொக்தான்.

ஆனாலும் அவள் சொன்ன இன்னொன்றை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். நான் சீக்கிரம் வந்துவிட்டேனாம். பெரும்பாலானவர்கள் பத்து வருடம் தள்ளிப்போட்டு வருவார்கள், அதற்குள் மூளைக்கு அந்தச் சத்தங்கள் பழக்கம் விட்டுப்போயிருக்கும், திரும்பக் கொண்டுவந்தாலும் யாரோ அந்நியர் வந்த மாதிரி இருக்கும், நீங்கள் நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டேன் என்று கேட்டபோது, உண்மையைச் சொன்னால், மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. காதுக்குச் சீக்கிரம். மச்சானுக்குத்தான் லேட்.

இரண்டு காதுக்கும் காது மிஷின் வாங்கியாயிற்று. காதுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை அளவு உட்கார்ந்திருக்கிறது, உள்ளே மெல்லிய குழாய் போகிறது. முதல் நாள் வீட்டில் அமைதியான அறையில் இரண்டு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்றாள். இரண்டு மணி நேரம் எல்லாம் மற்றவர்களுக்கு. நான் மறுநாள் காலையிலேயே மாட்டிக்கொண்டு நேரே தொழிற்சாலைக்குப் போனேன். போகிற வழியில் என் செருப்பு பேசியது. சாவிக்கொத்து கத்தியது. பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளைத் திருப்பினார், தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. கேட்டுக்குள் நுழைந்ததும் கம்ப்ரஸரைப் போட்டார்கள். கூரை விழுகிறது என்று நினைத்து பேசின் அடுக்கும் மரச்சட்டத்துக்கு அடியில் குனிந்துவிட்டேன். ஏற்றி இறக்கும் நெட்டையன் பார்த்துவிட்டான். அவன் பார்த்தது சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லோரும் பார்த்ததாகிவிட்டது.

சரி, வேலைக்கு வந்தேன். முதல் பேசினைத் தட்டிவிட்டு, நன்றாகக் கேட்க வேண்டும் என்று வழக்கம்போல் தலையை உள்ளே விட்டேன். விசில். கூர்மையான, விடாத விசில். முப்பத்திரண்டு வருடத்தில் பேசின் விசில் அடித்து நான் கேட்டதில்லை. இரண்டாவதைத் தட்டினேன், தலையை விட்டேன், விசில். உடனே ஃபைல்காரரைக் கூப்பிட்டு, இது புது வகை விரிசல், இதுவரை கேட்காத வகை என்று உறுதியாகச் சொன்னேன். அவர் ஃபைலைத் திறந்து 'விசில் விரிசல்' என்று தனிக் கட்டம் போட்டார். பதினோரு பேசின் அந்தக் கட்டத்துக்குள் போனது. பன்னிரண்டாவதைத் தூக்க வந்த நெட்டையன் நின்று கேட்டுவிட்டு, தட்டிப் பார்ப்பவனுக்கு அவன் வைத்திருக்கும் பட்டப்பெயரோடு மெதுவாகச் சொன்னான்.

"டாக்டரே, பேசின் அடிக்கலை. நீங்கதான் அடிக்கிறீங்க."

காது மிஷினைச் சுவருக்கு ஒட்டிக் கொண்டுபோனாலும், குழிவான எதற்குள் விட்டாலும், வெளியே வருகிற சத்தம் திரும்ப உள்ளேயே போய் அது விசிலடிக்குமாம். பேசினைவிடக் குழிவானது எது. கட்டத்தை அழித்தார்கள். அழித்த தடம் இருக்கிறது.

தலையை வெளியே வைத்துத் தட்டினேன். அப்போது கேட்டது ணங் இல்லை, டொக்கும் இல்லை. தொடங்கும்போது ணங், பாதியில் யாரோ வாயைப் பொத்தின மாதிரி நின்றது. நல்லதென்று நான் குறித்து வைத்திருந்ததும் அப்படியே. ஆகவே மிஷின் மோசடி என்ற முடிவுக்கு வந்தேன். முடிவுக்கு வருவதில் எனக்குத் தாமதமே இல்லை என்று கவனித்திருப்பீர்கள். மறுநாள் ஒரு பேசினை நானே என் கையால் பொறுக்கி எடுத்து, சாக்கில் சுற்றி, வாடகை வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, அதற்கும் பெல்ட் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். காத்திருக்கும் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். பேசினை மடியில் வைத்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். ஒருவர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு அம்மா, "பைப் ரிப்பேரா இங்க பார்ப்பாங்க?" என்று விசாரித்தாள். காதுக்கு என்றேன். அவளும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தட்டுங்க என்றாள். தட்டினேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது பேச்சுக்காகச் செஞ்ச மிஷின், ஐயா. ஒரே மாதிரி நீளமா வர்ற சத்தத்தைக் கேட்டா தானே விசிலடிக்குதுன்னு நெனச்சு அமுக்கிடும். உங்க வேலைக்குன்னு தனியா ஒண்ணு வச்சுத் தரேன்." இரண்டு மிஷினையும் கம்ப்யூட்டரோடு இணைத்து ஏதேதோ மாற்றினாள். தட்டுங்க. தட்டினேன். இன்னும் கொஞ்சம். தட்டுங்க. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ.

ணங்.

நின்றுவிடவில்லை. நீண்டது. மேஜையைத் தாண்டி, கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போய், மெல்லியதாகி, இன்னும் இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத இடம் வரை இருந்தது.

இது எனக்குத் தெரிந்த சத்தம். இருபத்தாறு வயதில் முதல்முதலாகச் சுத்தியைக் கையில் வாங்கியபோது கேட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்தப் பெண் மேஜைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினாள். தூசி என்று சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். நன்றிக்காக அந்த பேசினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவர்கள் வராந்தாவில் பொருத்திக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கழித்துப் போட்ட பேசின்கள் நிற்கும் முற்றத்துக்குப் போனேன். நொறுக்கப் போனவை போக, சிவப்புப் பெருக்கல் குறியோடு வரிசையாக நின்றன. முதலாவதைத் தட்டினேன். ணங். இரண்டாவது. ணங். மதியம் வரை தட்டினேன் மச்சான். ஒன்றிரண்டு தவிர எல்லாம் முழுசு. நீங்கள் ஆறவிட்ட ஒவ்வொன்றும். நெட்டையன் ஈரத்துணியால் சிவப்புக் குறிகளைத் துடைத்துக்கொண்டே வந்தான். கடைசி வரிசையில் ஒருமுறை நிமிர்ந்து, "சூளைக்காரர் பாவம்ல" என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில், நீங்கள் சாவி வைத்த அதே மேஜைக்குப் பக்கத்தில் நின்று, காதிலிருந்து மிஷினைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினேன். சூளையில் குற்றமில்லை, காது என்னுடையது என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது, மிஷின் கையில் இருந்ததே. பூச்சு அடிப்பவர் மறுபடி அழுதார். ஃபைல்காரர் எழுதிக்கொண்டார். முப்பதாம் தேதி என்றார்.

வீட்டுச் செய்தி ஒன்று. மிஷினோடு உட்கார்ந்திருந்தபோது உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்குள்ளே ஏதோ ஒரு மெட்டு. முப்பத்தொரு வருடத்துக் குடித்தனம், இது புதிதா பழையதா என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதிருந்து இது என்று கேட்டேன். "எப்பவும்தான். முந்தி நீங்க கிண்டல் பண்ணுவீங்க. கொஞ்ச வருஷமா பண்றதில்ல. பிடிச்சுப்போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். சுவரிடம் இல்லை. என்னிடம்.

நான் இப்போதும் கிண்டல் பண்ணவில்லை.

ஆகவே நிலைமை இதுதான். காது தேறிவிட்டது. சூளை முதலிலிருந்தே சரி. சுத்தி பொய் சொல்லவில்லை, நான்தான் பாதி கேட்டுவிட்டு மீதியைச் சொந்தமாகப் போட்டுக்கொண்டேன். எல்லாம் தட்டிப் பார்த்து உறுதி செய்யப்பட்டது. உங்கள் கை நடுங்கியதில்லை. இதை மன்னிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்களுக்கும் அறுபத்திரண்டு ஆகிறது, அங்கே பக்கத்தில் கிளினிக் இருந்தால் ஒருமுறை பெட்டிக்குள் உட்கார்ந்து வாருங்கள். சும்மா சொல்கிறேன். கண்ணாடி வழியே அந்தக் கையைப் பார்க்காதீர்கள்.

பேத்திக்கு என் ஆசி, நன்றாகச் சாப்பிட்டு உயரமாக வளரட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு, அப்பாவைச் சீக்கிரம் ரயிலேற்றச் சொன்னேன் என்று சொல்லுங்கள். மூத்தவர் உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு, தெளிவான காதுகளோடு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. இரண்டு வருடமாக போன் வந்தால் உங்கள் தங்கையிடம் நீட்டிவிடுவேன். இன்றைக்கு நானே எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கிளினிக் பெண். வராந்தாவில் பொருத்திய பேசினில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலாம், கீழே வாளி வைத்திருக்கிறார்களாம்.

நான் பொறுக்கி எடுத்த பேசின் அது. அதைத் தட்டித் தட்டித்தான் என் காதை முடுக்கினார்கள். அந்தக் காதால்தான் முற்றம் முழுவதையும் நல்லது என்று சொன்னேன். ஆகவே மேலே நான் உறுதி செய்த எதுவும் உறுதி இல்லை. பிளம்பர் அதிகமாக முறுக்கியிருப்பார் என்பது என் முடிவு. உங்கள் தங்கை சிரித்துக்கொண்டே, "இவர் தட்டினாரு, அவர் முறுக்கினாரு. யாரு உடைச்சதுன்னு எங்கண்ணன் வந்து சொல்லட்டும்" என்கிறாள். அவள் சொல்வதும் சரி. விரிசலின் ஓரம் மழுங்கியிருந்தால் சூளைக்குள் வந்தது, கூர்மையாக இருந்தால் பிறகு வந்தது. அதைத் தடவிப் பார்த்துச் சொல்ல இங்கே உங்கள் விரலைத் தவிர வேறு விரல் இல்லை. டைக்காரருக்கு வாளியைக்கூடப் பார்க்கத் தெரியாது.

ஓரம் மழுங்கியிருந்தால் மேலே எழுதிய மன்னிப்பில் பாதியை நான் திரும்ப எடுத்துக்கொள்வேன். கூர்மையாக இருந்தால் முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் முப்பதாம் தேதிக்குள். எந்த வண்டி என்று போன் செய்யுங்கள்.

நானே எடுக்கிறேன்.